சிறுநீரகம் பழுதான குழந்தையின் தமனியை எப்படி அளப்பது?

2000ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சலிஸ் மருத்துவர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வைத்தான், குழந்தைகள் சிறுநீரக மருத்துவம் பயில வருகிறவர்களுக்கு முதலில் வாசிக்கக் கொடுக்கிறேன். டயாலிசிஸில் இருந்த, 7 வயது முதல் 30 வயது வரையிலான 39 பேரின் இதயத் தமனிகளை அவர்கள் சி.டி. ஸ்கேனில் பார்த்தார்கள். 20 வயதுக்குக் குறைந்த 23 பேரில் ஒருவருக்குக்கூடச் சுண்ணாம்புப் படிவு, அதாவது தமனிச் சுவரில் கால்சியம் படிவது, தென்படவில்லை. 20 முதல் 30 வயது வரை இருந்த 16 பேரில் 14 பேருக்குத் தென்பட்டது. அதே இருபதுகளில் இருந்த ஆரோக்கியமானவர்கள் 60 பேரில் மூவருக்கு மட்டுமே அது இருந்தது. படிவு கண்ட நோயாளிகள் சிலரை ஏறத்தாழ 20 மாதங்கள் கழித்து மீண்டும் பார்த்தபோது, படிவின் அளவு கிட்டத்தட்ட இரண்டு மடங்காகியிருந்தது.

இந்த எண்களை இரண்டு விதமாகப் படிக்கலாம். 20 வயது வரை குழந்தையின் தமனிக்கு ஆபத்தில்லை, அதற்குப் பிறகுதான் நோய் தொடங்குகிறது என்பது ஒன்று. நோய் குழந்தைப் பருவத்திலேயே தொடங்கிவிடுகிறது, அது சி.டி. ஸ்கேனின் கண்ணுக்குப் படும் அளவுக்கு வளரத்தான் 20 வயதாகிறது என்பது மற்றொன்று. இரண்டாவது வாசிப்பே சரி என்பதற்கான சான்று லண்டனிலுள்ள கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த ருக்‌ஷானா ஷ்ராஃபும் அவருடைய குழுவினரும் 2008இல் வெளியிட்ட ஆய்விலிருந்து கிடைத்தது. வேறு காரணங்களுக்காக அறுவை சிகிச்சை செய்துகொண்ட சிறுநீரக நோயுள்ள குழந்தைகளிடமிருந்து பெற்ற சிறிய தமனித் துண்டுகளை அவர்கள் நேரடியாகச் சோதித்தார்கள். டயாலிசிஸ் தொடங்காத குழந்தைகளின் தமனிகளிலேயே கால்சியம் இயல்பைவிடக் கூடுதலாகச் சேர்ந்திருந்தது. டயாலிசிஸில் இருந்தவர்களின் தமனிகளில் அது மேலும் கூடியிருந்தது, சுவரிலுள்ள தசைச் செல்கள் மடிந்து குறைந்திருந்தன. அப்படியானால், பத்து வயதுக் குழந்தையின் சி.டி. படம் சுத்தமாக இருப்பது அதன் தமனி சுத்தமாக இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி அல்ல.

இதை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. நாள்பட்ட சிறுநீரக நோயுடன் வளரும் குழந்தைகளைப் பிற்காலத்தில் பறிப்பது பெரும்பாலும் சிறுநீரகமன்று. சிறுநீரகத்துக்கு டயாலிசிஸ் இருக்கிறது, மாற்று அறுவை சிகிச்சை இருக்கிறது. இதயமும் ரத்த நாளங்களும்தான் அவர்களுடைய ஆயுளைத் தீர்மானிக்கின்றன. அமெரிக்க இதயச் சங்கம் 2006இல் வெளியிட்ட அறிக்கை, கடுமையான சிறுநீரக நோயை இளம் வயதில் இதய நோய்க்கு ஆளாகும் ஆபத்து மிக அதிகமுள்ள முதல் பிரிவிலேயே வைத்தது. ஆனாலும் மருத்துவமனைக்கு வரும் பெற்றோரில் பலருக்கு இந்தத் தொடர்பு தெரிவதில்லை. ‘கிட்னிக்கு வைத்தியம் பார்க்கத்தானே வந்தோம், கழுத்துல எதுக்குங்க டாக்டர் ஸ்கேன்?’ என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். மிகவும் நியாயமான கேள்வி அது. அந்த ஸ்கேன் எதைக் காட்டுகிறது, எதைக் காட்டுவதில்லை என்பதைச் சொல்லாமல் அதற்கு விடை சொல்ல முடியாது என்பதால் இதை எழுதுகிறேன்.

தமனிச் சுவரில் மூன்று அடுக்குகள் உண்டு. நடுத்தர வயதினருக்கு மாரடைப்பைக் கொண்டுவரும் கொழுப்புப் படிவு உள்ளடுக்கில் உருவாவது. சிறுநீரக நோயுள்ள குழந்தைகளிடம் அத்தகைய கொழுப்புத் திட்டுகளைக் காண்பது அரிது. அவர்களிடம் பாதிக்கப்படுவது பெரும்பாலும் நடு அடுக்கு. அங்கே இருக்கும் மென்தசைச் செல்கள், ரத்தத்தில் பாஸ்பரஸும் கால்சியமும் நீண்ட காலம் மிகுந்திருக்கும்போது தம் இயல்பை விட்டு எலும்பை உருவாக்கும் செல்களின் இயல்பைப் பெறத் தொடங்குகின்றன. சாதாரணமாக இதைத் தடுக்க உடலில் காவல் உண்டு. கல்லீரலில் உற்பத்தியாகும் ஃபெட்டுயின்-ஏ, வைட்டமின் கே துணையோடு செயல்படும் மேட்ரிக்ஸ் கிளா புரதம் போன்றவை, சுண்ணாம்பு தமனியில் படியாமல் பார்த்துக்கொள்கின்றன. சிறுநீரக நோய் முற்றும்போது இந்தக் காவல் தளர்கிறது. உயர் ரத்த அழுத்தம், உடலில் தேங்கும் நீர், ரத்தசோகை, ஓயாத அழற்சி ஆகியவையும் சேர்ந்துகொள்ள, நெகிழ வேண்டிய சுவர் மெல்ல இறுகுகிறது.

இதில் மருந்துக்கும் பங்குண்டு என்பதை மறைக்கக் கூடாது. லாஸ் ஏஞ்சலிஸ் ஆய்வில் சுண்ணாம்புப் படிவு இருந்தவர்கள், பாஸ்பரஸைக் கட்டுப்படுத்துவதற்காகச் சாப்பிடும் கால்சியம் மாத்திரைகளை மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு உட்கொண்டிருந்தார்கள். வைட்டமின் டி விஷயத்திலும் ஷ்ராஃபின் குழுவினர் ஒரு முக்கியமான உண்மையைக் கண்டார்கள். டயாலிசிஸில் இருக்கும் குழந்தைகளில், செயல்படும் வடிவிலான வைட்டமின் டி மிகக் குறைவாக இருந்தவர்களுக்கும் மிக அதிகமாக இருந்தவர்களுக்கும் தமனி கெட்டிருந்தது. நடுவில் இருந்தவர்களே நல்ல நிலையில் இருந்தார்கள். வளரும் எலும்புக்குக் கால்சியமும் வைட்டமின் டியும் வேண்டும், அதே கால்சியம் தமனிக்குப் போய்விடவும் கூடாது என்ற இந்த நெருக்கடி பெரியவர்களின் மருத்துவத்தில் இவ்வளவு கூர்மையாக எழுவதில்லை.

இனி கழுத்து ஸ்கேனுக்கு வருவோம். கழுத்தில் ஓடும் கரோட்டிட் தமனி தோலுக்கு அருகிலேயே இருப்பதால், அதிர்வெண் மிகுந்த அல்ட்ராசவுண்ட் கருவியால் அதன் சுவரைத் தெளிவாகப் பார்க்கலாம். தமனி இரண்டாகக் கிளைக்கும் இடத்துக்கு ஓரிரு சென்டிமீட்டர் கீழே, தோலிலிருந்து தொலைவான பக்கத்துச் சுவரில், இணையாக ஓடும் இரண்டு கோடுகள் தெரியும். அவற்றுக்கு இடைப்பட்ட தூரமே உள்ளடுக்கும் நடு அடுக்கும் சேர்ந்த தடிமன். இதயம் சுருங்கி விரியும்போது தமனியின் விட்டம் மாறிக்கொண்டே இருப்பதால், இ.சி.ஜி.யைப் பார்த்து, இதயம் முழுதாகத் தளர்ந்திருக்கும் கணத்தில் அளக்க வேண்டும். ஆரோக்கியமான குழந்தைக்கு இந்தத் தடிமன் சுமார் 0.4 மி.மீ. இருக்கும். வலி இல்லை, கதிர்வீச்சு இல்லை, ஊசி இல்லை. ஆகவே குழந்தைகளிடம் தமனியை ஆராய விரும்பியவர்கள் எல்லோரும் முதலில் நாடியது இதைத்தான்.

ஐரோப்பாவின் 12 நாடுகளில், 6 முதல் 17 வயது வரையிலான சிறுநீரக நோயுள்ள குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்த ‘4சி’ ஆய்வில், 688 குழந்தைகளின் முதல் நிலைத் தரவுகள் 2017இல் வெளியாயின. அவர்களில் 41.6 விழுக்காட்டினருக்கு இந்தத் தடிமன் இயல்புக்கு மேல் இருந்தது. அட்லாண்டிக்குக்கு மறுபுறம், அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்துவரும் ‘சிகிட்’ ஆய்விலும் சிறுநீரக நோயுள்ள குழந்தைகளுக்குத் தடிமன் கூடுதலாகவே இருந்தது. அவர்களுடைய இடைநிலை அளவு 0.43 மி.மீ., ஆரோக்கியமான குழந்தைகளுக்கு 0.41 மி.மீ. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 0.02 மி.மீ. என்பதைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். நூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகளின் சராசரியில் இந்த வேறுபாடு உண்மையானது, பொருள் உடையது. ஆனால் என் முன்னால் அமர்ந்திருக்கும் ஒரு குழந்தையை இன்று ஒருவர் அளந்து, நாளை மற்றொருவர் அளந்தால், கையின் சாய்வாலும் குழந்தை எச்சில் விழுங்கியதாலும் மட்டுமே இதைவிடப் பெரிய வேறுபாடு வரக்கூடும். கூட்டத்தைப் பற்றி உண்மை சொல்லும் அளவு, தனி ஒரு குழந்தையைப் பற்றியும் அதே உறுதியோடு பேசும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இந்தத் துறையில் நான் சொல்ல விரும்பும் அடிப்படையான செய்தி இதுதான், மற்ற அளவைகளுக்கும் இது பொருந்தும்.

இன்னொரு சிக்கல் உயரத்தைச் சார்ந்தது. குழந்தை வளர வளரத் தமனியும் தடிக்கும், எனவே எந்த அளவையும் வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ற அட்டவணையோடுதான் ஒப்பிட வேண்டும். நோயுள்ள குழந்தையோ பெரும்பாலும் வளர்ச்சி குன்றியிருக்கும். பன்னிரண்டு வயதுச் சிறுவன் எட்டு வயதுக்குரிய உயரத்தில் இருப்பது எங்கள் பிரிவில் அன்றாடம் காண்பது. அவனைப் பன்னிரண்டு வயதினரோடு ஒப்பிட்டால் அவனுடைய தமனி மெலிதாக, ஆகவே நலமாக இருப்பதாகத் தோன்றலாம். எட்டு வயது உயரமுள்ளவர்களோடு ஒப்பிட்டால் அதே தமனி தடித்ததாகத் தெரியும். 2013இல் 1,155 ஆரோக்கியமான குழந்தைகளிடம் அளந்து வெளியிடப்பட்ட அட்டவணைகள், வயதோடு உயரத்தையும் கணக்கில் கொண்டு ஒப்பிட வழி செய்தன. ஸ்கேன் அறிக்கையில் வெறும் மில்லிமீட்டர் கணக்கை மட்டும் எழுதி அனுப்பினால் அதைக் கொண்டு எதையும் சொல்ல இயலாது. குழந்தையின் உயரமும், எந்த அட்டவணையோடு ஒப்பிடப்பட்டது என்பதும் அதில் இருக்க வேண்டும்.

தடிமன் கூடியிருப்பதாகவே வைத்துக்கொள்வோம். அதன் பொருள் என்ன? ரத்த அழுத்தம் கூடினால், அதைத் தாங்குவதற்காகவே தமனி தன் சுவரைத் தடிக்கச் செய்துகொள்கிறது. இது நோயா, தற்காப்பா என்பதை அல்ட்ராசவுண்ட் சொல்லாது. உள்ளடுக்கு தடித்ததா, நடு அடுக்கு தடித்ததா என்பதையும் அந்த இரண்டு கோடுகள் பிரித்துக் காட்டுவதில்லை. சுவரின் தடிமனைத் தமனியின் விட்டத்தோடும், அந்த நேரத்து ரத்த அழுத்தத்தோடும் சேர்த்துப் படித்தால்தான் ஓரளவு விளங்கும். தடிமனை மட்டும் கேட்காமல், ஒவ்வொரு துடிப்புக்கும் தமனி எவ்வளவு விரிகிறது என்பதையும் சேர்த்து அளக்கச் சொல்வது இதனால்தான்.

சுவர் எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதை அறிய வேறொரு முறை உண்டு. இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் எழும் அழுத்த அலை தமனிகளின் வழியே ஓடுகிறது. புதிய ரப்பர் குழாயில் அது மெதுவாகச் செல்லும், வெயிலில் காய்ந்து விறைத்த குழாயில் விரைந்து செல்லும். அலையின் வேகம் சுவரின் விறைப்பையும் தடிமனையும் குழாயின் விட்டத்தையும் பொறுத்தது என்பதை நெதர்லாந்தைச் சேர்ந்த மோயன்ஸும் கோர்டவெக்கும் 1878இலேயே சமன்பாடாக எழுதிவிட்டார்கள். நடைமுறையில், கழுத்துத் தமனியிலும் தொடையின் மேற்புறத் தமனியிலும் துடிப்பைப் பதிவுசெய்து, இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை அலை கடந்த நேரத்தால் வகுக்கிறோம். ஆரோக்கியமான பள்ளி வயதுக் குழந்தைக்கு இது நொடிக்கு ஏறத்தாழ 5 மீட்டர்.

எளிமையாகத் தோன்றும் இந்த அளவையில் கவனிக்க வேண்டியவை பல. கழுத்திலிருந்து தொடை வரை 40 செ.மீ. தூரத்தை அந்த வேகத்தில் கடக்க அலைக்கு 80 மில்லிநொடிதான் ஆகும். நாடாவைக் கொண்டு தூரத்தை அளப்பதில் 1 செ.மீ. பிசகினாலும் விடை இரண்டரை விழுக்காடு மாறிவிடும், குழந்தை எவ்வளவு சிறியதோ அவ்வளவுக்குப் பிசகின் பங்கும் பெரிதாகும். தவிர, அளக்கும் நேரத்தில் ரத்த அழுத்தம் கூடியிருந்தால் சுவரில் எந்த நோயும் இல்லாமலேயே வேகம் கூடும். அழுதுகொண்டிருக்கும் குழந்தையிடமோ, டயாலிசிஸுக்கு முன் நீர் தேங்கி ஊதியிருக்கும் குழந்தையிடமோ அளந்தால் கிடைப்பது அந்த நேரத்தின் நிலைதான். ‘4சி’ ஆய்வில் ஐந்தில் ஒரு குழந்தைக்கு வேகம் இயல்புக்கு மேல் இருந்தது. ‘சிகிட்’ ஆய்விலோ, வெளியான இயல்பு அளவுகளோடு ஒப்பிட்டபோது வேகம் கூடியிருப்பதாகத் தெரியவில்லை. நோயின் தீவிரம், ஒப்பிட்ட அட்டவணை, கருவி எனப் பலவும் இரண்டிலும் வேறுபடுகின்றன. இந்த முரண்பாட்டை நான் குறையாகப் பார்க்கவில்லை. ஒரே ஓர் எண்ணைக் கொண்டு ஒரு குழந்தையின் தலையெழுத்தைச் சொல்லத் துணியக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

மூன்றாவது முறை மிக அழகானது, ஆனால் மருத்துவமனையின் அன்றாடப் பணிக்கு ஒத்துவராதது. கையில் பட்டையைக் கட்டி, ரத்த ஓட்டம் நிற்கும்படி ஐந்து நிமிடம் இறுக்கிப் பிடித்துவிட்டுச் சட்டென்று விடுவித்தால், பாய்ந்து வரும் ரத்தத்தின் உரசலால் தமனியின் உட்சுவர்ச் செல்கள் நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கின்றன, தமனி விரிகிறது. எத்தனை விழுக்காடு விரிகிறது என்பதை அல்ட்ராசவுண்டில் பார்த்தால் உட்சுவரின் நலம் தெரியும். 1992இல் லண்டனில் செலர்மேயரும் டீன்ஃபீல்டும் உள்ளிட்ட குழு இந்த முறையைக் குழந்தைகளிடமும் பயன்படுத்திக் காட்டியது. தமனியின் அமைப்பு மாறுவதற்கு முன்பே செயல்பாடு மாறுவதைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி அப்போது இல்லை. ஆனால் ஐந்து நிமிடம் கை விறுவிறுக்க அசையாமல் கிடக்க ஆறு வயதுக் குழந்தையால் முடிவதில்லை. அளப்பவரின் பயிற்சியைப் பொறுத்து விடையும் பெரிதும் மாறுகிறது. விழித்திரையின் நுண்ணிய நாளங்களைப் படமெடுத்துப் பார்ப்பது போன்ற புதிய வழிகளும் ஆராயப்பட்டு வருகின்றன. சி.டி. ஸ்கேனை, கதிர்வீச்சைக் கருதியும் முன்பு சொன்ன காரணத்தாலும், அறிகுறி இல்லாத குழந்தைக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, ஒரே ஒரு பரிசோதனைக்கு மட்டும் வசதி இருக்கிறது, எதைச் செய்வது என்று கேட்டால், எனக்குத் தயக்கமே இல்லை. 24 மணி நேர ரத்த அழுத்தக் கண்காணிப்புதான். அது தமனியை நேரடியாக அளக்கவில்லையே என்று சிலர் கேட்பார்கள். தமனிக்கு இரவும் பகலும் என்ன நேர்கிறது என்பதை அளக்கிறது. அதோடு, அதன் விடையைக் கொண்டு மறுநாளே மருந்தை மாற்றலாம், கழுத்து ஸ்கேனின் விடையைக் கொண்டு அப்படி எதுவும் செய்ய இயலாது.

இடுப்பில் ஒரு சிறு கருவி, கையில் ஒரு பட்டை. பகலில் 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒரு முறையும், இரவில் 20 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு முறையும் அது தானாகவே அளந்து பதிவுசெய்துகொள்ளும். ஆரோக்கியமானவர்களுக்குத் தூக்கத்தில் ரத்த அழுத்தம் பத்து விழுக்காட்டுக்குக் குறையாமல் இறங்கும். சிறுநீரக நோயுள்ள பல குழந்தைகளுக்கு அது இறங்குவதில்லை, சிலருக்கு ஏறவும் செய்கிறது. பகல் பதினோரு மணிக்கு மருத்துவர் முன்னால் அமர்ந்திருக்கும்போது அளப்பதால் இது ஒருநாளும் தெரியவராது. ‘சிகிட்’ ஆய்வில் 38 விழுக்காட்டுக் குழந்தைகளுக்கு, மருத்துவமனையில் அளந்தபோது இயல்பாக இருந்த ரத்த அழுத்தம் 24 மணி நேரக் கண்காணிப்பில் உயர்ந்திருந்தது. இப்படி மறைந்திருக்கும் உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 20 விழுக்காட்டினருக்கு எக்கோ பரிசோதனையில் இதயத்தின் இடது கீழறைத் தசை தடித்திருந்தது. இரண்டிலும் இயல்பாக இருந்தவர்களிடம் அது 8 விழுக்காடுதான், இரண்டிலும் உயர்ந்திருந்தவர்களிடம் 34 விழுக்காடு. மருத்துவமனை பி.பி. சரியாக இருக்கிறது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பப்படும் குழந்தைகளில் எத்தனை பேருடைய இதயம் இரவெல்லாம் உழைத்துக்கொண்டிருக்கிறது என்பதை எண்ணும்போது எனக்கு மனம் கனக்கிறது.

சிகிச்சையின் பயனும் இதே அளவையைக் கொண்டுதான் நிறுவப்பட்டது. ஐரோப்பாவில் 385 குழந்தைகளிடம் நடந்து 2009இல் வெளியான ‘எஸ்கேப்’ ஆய்வில் எல்லாக் குழந்தைகளுக்கும் ராமிப்ரில் என்ற ரத்த அழுத்த மருந்தைக் கொடுத்து, ஒரு பிரிவினருக்கு மட்டும் 24 மணி நேரச் சராசரி அழுத்தத்தை 50ஆம் பெர்சன்டைலுக்குக் கீழே கொண்டுவந்தார்கள். அதாவது, ஒத்த ஆரோக்கியமான குழந்தைகள் நூறு பேரை அழுத்தத்தின் ஏறுவரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கும் குழந்தையின் அளவுக்கும் கீழே. மற்றவர்களுக்கு அது 50க்கும் 95க்கும் இடையில் இருந்தது. ஐந்து ஆண்டுகளில் முதல் பிரிவில் 29.9 விழுக்காட்டினருக்கும், இரண்டாம் பிரிவில் 41.7 விழுக்காட்டினருக்கும் சிறுநீரகச் செயல்பாடு பாதியாகக் குறைந்தது அல்லது முற்றிலும் செயலிழந்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலும், சிறுநீரக நோய்க்கான உலக அமைப்பான கேடிகோவின் 2021 வழிகாட்டுதலும் இந்த 50ஆம் பெர்சன்டைலையே இலக்காக வைக்கின்றன. 24 மணி நேரக் கருவி இல்லாத இடங்களில், ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டு அளக்கும் மேல் அழுத்தத்தை 50ஆம் பெர்சன்டைலுக்கும் 75ஆம் பெர்சன்டைலுக்கும் இடையில் வைத்திருக்கலாம் என்று கேடிகோ வழி சொல்கிறது. நம் ஊரில் பெரும்பாலான மருத்துவமனைகளுக்கு இது முக்கியமான செய்தி, ஏனெனில் கருவி இல்லை என்பது முயற்சியைக் கைவிடக் காரணமாகாது.

அப்படிக் கேட்டு அளப்பதிலும் பட்டையின் அளவில் கருத்தாக இருக்க வேண்டும். பட்டையினுள் இருக்கும் காற்றுப்பையின் அகலம் முழங்கைக்கு மேலுள்ள கையின் சுற்றளவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமலும், நீளம் 80 முதல் 100 விழுக்காடு வரையும் இருக்க வேண்டும். பெரியவர்களின் பட்டையை மெலிந்த கையில் சுற்றினால் அழுத்தம் குறைவாகக் காட்டும், சிறிய பட்டையைக் கட்டினால் அதிகமாகக் காட்டும். டயாலிசிஸுக்காகக் கையில் ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் இணைத்த வழி) வைத்திருக்கும் குழந்தைக்கு மறு கையில்தான் அளக்க வேண்டும் என்பதைப் பெற்றோரும் மனத்தில் வைத்திருப்பது நல்லது, பணி மாறும் வேளையில் செவிலியருக்கு நினைவூட்ட அவர்களே அருகில் இருப்பார்கள்.

இந்தப் பரிசோதனையையும் உயரச் சிக்கல் விட்டுவைக்கவில்லை. 24 மணி நேரப் பதிவுக்குப் பரவலாகப் பயன்படும் ஜெர்மானிய அட்டவணை, 2002இல் வெளியானது, 120 செ.மீ. உயரத்திலிருந்துதான் தொடங்குகிறது. எங்களிடம் வரும் குழந்தைகளில் அந்த உயரத்தை எட்டாதவர்கள் பலர். அந்தக் குழந்தைகளுக்கு இரவில் அழுத்தம் இறங்குகிறதா என்பதையும், சென்ற பதிவுக்கும் இந்தப் பதிவுக்கும் உள்ள மாற்றத்தையுமே நான் முதன்மையாகப் பார்க்கிறேன். குழந்தையை அதன் சொந்தக் கடந்த காலத்தோடு ஒப்பிடுவதற்கு எந்த நாட்டு அட்டவணையும் வேண்டியதில்லை.

கழுத்து ஸ்கேனையும் அப்படித்தான் பயன்படுத்துகிறேன். ஒரே கருவியில், முடிந்தால் ஒரே கையால், டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு டயாலிசிஸ் இல்லாத நாளில், சில ஆண்டுகள் இடைவெளிவிட்டு. ஒரு முறை எடுத்த படத்தைவிட அந்த வரிசை அதிகம் பேசும். டயாலிசிஸ் முறைகளை ஒப்பிட்ட ‘3ஹெச்’ என்ற பன்னாட்டு ஆய்வில் இதன் அருமை தெரிந்தது. வழக்கமான ஹீமோடயாலிசிஸில் இருந்த குழந்தைகளுக்குக் கழுத்துத் தமனியின் தடிமன் ஓராண்டில் கூடியது, அதோடு கூடுதலான வடிகட்டலையும் சேர்த்துச் செய்யும் ஹீமோடயாஃபில்ட்ரேஷன் செய்யப்பட்டவர்களுக்கு ஏறாமல் நின்றது. தடிமன் இங்கே ஒரு சிகிச்சை முறையை எடைபோட உதவிற்று. அந்த அளவையின் உண்மையான பயன் இத்தகைய கேள்விகளில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

ஆகவே அந்தத் தாயிடம் நான் சொன்ன விடை இது: ‘கிட்னி கெட்டால் ரத்தக் குழாயும் இறுகும் அம்மா. இறுகத் தொடங்கியிருக்கிறதா என்று பார்ப்பதற்கு இந்த ஸ்கேன். ஆனால் இதைவிட முக்கியம், உங்கள் பையன் இரவில் தூங்கும்போது பி.பி. எவ்வளவு இருக்கிறது என்பது. நாளைக்கு ஒரு கருவியைக் கட்டி அனுப்புகிறேன், கழற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.’ பிறகு உணவைப் பற்றிப் பேசினோம். கோலா வகைப் பானங்களிலும் பதப்படுத்திய உணவுகளிலும் சேர்க்கப்படும் பாஸ்பேட், பருப்பிலும் தானியத்திலும் இயல்பாக இருப்பதைவிட எளிதில் உடலில் சேர்ந்துவிடும், எனவே முதலில் நிறுத்த வேண்டியது அவற்றைத்தான். ஊறுகாய், அப்பளம், கருவாடு பற்றி அவர் கேட்டார். உயர் ரத்த அழுத்தமுள்ள அவருடைய மகனுக்கு அவை கூடாது என்றேன். எல்லாக் குழந்தைகளுக்கும் இதே விடை பொருந்தாது. பிறவியிலேயே சிறுநீரகம் சரியாக உருவாகாத சில குழந்தைகள் சிறுநீரில் உப்பை இழந்துகொண்டே இருப்பார்கள், அவர்களுக்கு உப்பைக் குறைத்தால் வளர்ச்சி மேலும் குன்றும். பக்கத்துப் படுக்கையில் இருக்கும் குழந்தைக்குச் சொன்ன உணவு முறையைத் தம் குழந்தைக்கும் பின்பற்ற வேண்டாம் என்று பெற்றோரிடம் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

மாற்றுச் சிறுநீரகம் பொருத்திய பிறகு தமனி மீளுமா என்பது எல்லாப் பெற்றோரும் கேட்பது. ஓரளவு மீள்கிறது. கழுத்துத் தமனியின் தடிமன் சில குழந்தைகளுக்குக் குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் ஏற்கெனவே படிந்த சுண்ணாம்பு எளிதில் கரைவதில்லை. மாற்றுச் சிறுநீரகத்தைக் காப்பதற்காகக் கொடுக்கும் ஸ்டீராய்டும் டாக்ரோலிமஸும் ரத்த அழுத்தத்தை ஏற்றும் இயல்புடையவை. எனவே அறுவை சிகிச்சை முடிந்த பின்னும் 24 மணி நேரப் பதிவை ஆண்டுக்கு ஒரு முறையாவது செய்யச் சொல்கிறேன். மாற்றுச் சிறுநீரகம் நன்றாக வேலை செய்யும் ஆண்டுகளில்தான் இதற்கு வருவோர் குறைகிறார்கள் என்பது என்னை உறுத்தும் விஷயம். குழந்தை விளையாடுகிறது, பள்ளிக்குப் போகிறது, எதற்கு மறுபடியும் கருவி என்று குடும்பத்துக்குத் தோன்றிவிடுகிறது.

பதினெட்டு வயதில் இவர்கள் எங்களைவிட்டுப் பெரியவர்களின் சிறுநீரகப் பிரிவுக்குச் செல்கிறார்கள். அங்கே பெர்சன்டைல் இல்லை, எல்லோருக்கும் ஒரே வரம்பு. 125க்கு 78 என்ற அளவு அங்கே உயர் ரத்த அழுத்தமாகக் கருதப்படாமல் போகலாம். ஆனால் ஆறு வயதிலிருந்து இந்த நோயோடு இருக்கும் ஒரு பெண்ணின் தமனி பத்து ஆண்டுகளுக்கு மேல் எதையெல்லாம் தாங்கியிருக்கிறது என்பது புதிய மருத்துவருக்குத் தெரிந்தாக வேண்டும். அதனால் இப்போது நாங்கள் கொடுத்தனுப்பும் கோப்பில், சிறுநீரகத்தின் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் அளவுகளோடு, எல்லா 24 மணி நேரப் பதிவுகளின் பகல், இரவுச் சராசரிகளும், எக்கோ அறிக்கைகளும், கழுத்துத் தமனியின் அளவுகள் எந்தக் கருவியில் எந்த உயரத்தில் எடுக்கப்பட்டன என்ற விவரமும், எத்தனை ஆண்டுகள் கால்சியம் மாத்திரை சாப்பிட்டார் என்பதும் ஒரே தாளில் இருக்கும்படி எழுதுகிறோம். அந்தத் தாளின் ஒரு பிரதியைப் பிள்ளைகளிடமே கொடுத்து, அதில் உள்ள ஒவ்வொரு வரியும் என்ன சொல்கிறது என்பதை அவர்களுக்கு விளக்கிவிட்டுத்தான் அனுப்புகிறோம்.